பதினோரு இழை மிச்சம்

நாலாயிரத்து எரநூறு இழையில பதினோரு இழை ஜோடி இல்லாம நின்னுச்சி. அபிதகுசாம்பாள் வெச்ச வேலையில. ஊரு நம்பாது. நானே நம்பல.

நெசவு தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்த சொல்லிடறேன். தறியில நீளவாக்குல ஓடற இழையத்தான் பாவும்பாங்க. பழைய பாவு தீந்து போச்சின்னா, அத்த அடியோட உருவ மாட்டாங்க. ஒரு முழம் வால் வுட்டு வெப்பாங்க. புதுப் பாவோட ஒவ்வொரு இழையையும் அந்த வாலுல இருக்கற ஒவ்வொரு இழையோட, வெரல்ல சாம்பல் தொட்டு, முறுக்கி சேக்கணும். பாவு புணைக்கிறதுன்னு பேரு. தலமுடியில பாதி கனம்கூட இருக்காது பட்டு இழை. ஒண்ணு தப்பினா அதுக்கு அப்பால இருக்கறது அத்தனையும் தள்ளிப்போவும். டிசைன் கோணும். தறிக்கு உள்ள பூந்து, முதுகு வளைச்சி, காலையில குந்துனா பொழுது சாய எழுந்திருக்கணும். பொம்பளைங்க செய்யற வேலை.

நான் இருவத்தாறு வருசம் நெசவாளர் சங்கத்துல இருந்தவன். கூலி உயர்வு நோட்டீஸ் எல்லாம் என் கையால எழுதுனது. நெசவாளிக்கு கேட்டோம், சாயம் போடறவனுக்கு கேட்டோம், பாவு ஓட்டறவனுக்கு கேட்டோம். புணைக்கிற பொம்பளைக்கு ஒரு வரி எழுதல. மறந்துட்டேன்னு சொன்னா பொய். தோணவே இல்ல. சங்கம் செய்யாத வேலைய ஆரணி கொசப்பாளையத்துல ஒரு பொம்பள செஞ்சா. அவளப் பத்தி எழுதறேன்.

அபிதான்னு கூப்புடுவோம். வயசு நாப்பத்தொண்ணு. புருசன் குமரேசன், வீட்டுலயே ஒத்தத் தறி போட்டு நெய்யறவன். நல்லவன், ஆனா ஊரு இன்னா சொல்லும்னு பயந்துகினே பாதி ஆயுசு போனவன்.

எங்க பக்கம் ஒரு பேச்சு உண்டு. புணைக்க ஆரம்பிச்ச கைதான் முடிக்கணும். நடுவுல எழுந்து போவக்கூடாது, இன்னொருத்தி தொடக்கூடாது. கை மாறினா முறுக்கு மாறும், பொடவையில கோடு வுழும்னு சொல்லுவாங்க. காய்ச்சல்ல நடுங்கிகினு, வயித்துப் பிள்ளையோட, குந்துன எடத்துலயே முடிச்ச பொம்பளைங்கள நான் பாத்திருக்கேன். யாரும் கேள்வி கேக்கல. நானும் கேக்கல.

அபிதா கேட்டா. பத்து வருசம் முன்னாடி. ஆர்.சி. தெருவுல இதே வேலை செய்யற சூசைமேரியக் கூட்டியாந்து குமரேசன் தறியிலயே சோதனை பண்ணா. இந்தக் கரையில இவ, அந்தக் கரையில அவ. ரெண்டு பேரும் புணைச்சிகினே வந்து நடுவுல சேரணும். குமரேசன் கத்துனான்.

"அடியே, மூணு பொடவை பாவுடி! கோடு வுழுந்தா யாருடி பதில் சொல்றது?"

சூசைமேரி தலைய நிமுத்தாமலே சொன்னாங்க. "கோடு வுழுந்தா அந்தப் பொடவைய நானே கட்டிக்கறேன், தம்பி. கல்யாணத்துக்கே பட்டு கட்டாதவ நான்."

கோடு வுழல. சூசைமேரிக்கு பட்டும் கெடைக்கல. ஆனா ஒரு நாள் வேலை அர நாள்ல முடிஞ்சி, மத்தியானமே தறி ஓடுச்சி. தறி சும்மா நின்னா மொதலாளிக்கும் நஷ்டம், நெசவாளிக்கும் நஷ்டம். விசயம் பரவிச்சி. அபிதா ஒரு போன் நம்பர் போட்டு கார்டு அடிச்சா. 'அபிதா பாவு புணைப்பு. கூப்புட்டா வருவோம்.' அவளோட சேத்து பன்னெண்டு பொம்பளைங்க, ரெண்டு ஷேர் ஆட்டோ. ஆரணி, சுத்துப்பட்டு கிராமம், கண்ணமங்கலம் வரைக்கும் போனாங்க. இது இன்ன கூலி, இது இன்ன நேரம்னு பேசிட்டுதான் தறிக்குள்ள பூருவாங்க. நூறு இழைக்கு ஒரு தடவ எண்ணிப் பாக்கணும்னு சட்டமும் போட்டா.

நான் ஒரு நாள் கடைத்தெருவுல வம்புக்கு இழுத்தேன். "இன்னா அபிதா, மொதலாளி ஆயிட்ட போல?"

"ஆமா தோழர். எனக்கு எதிரா ஒரு ஸ்ட்ரைக் பண்ணிப் பாருங்களேன். மேரிக்காவ வேணா கேளுங்க, கூட வருவாங்களான்னு."

"நான் வரமாட்டேன்பா," பக்கத்துல நின்ன சூசைமேரி சொன்னாங்க. "இவரு ஸ்ட்ரைக்குல டீ கூட குடுக்க மாட்டாரு."

அப்படி வாயாடுன பொம்பள போன வருசம் பொங்கலுக்கு அப்பால பேச்ச கொறச்சிட்டா. காரணம் தேடாதீங்க. ஊரே தேடிப் பாத்துட்டு ஒண்ணும் கெடைக்காம வுட்டுடுச்சி. புருசன் குடிக்கறவன் இல்ல. பொண்ணு வேலூர்ல ஹாஸ்டல்ல தங்கி காலேஜ் படிக்குது. தொழில் நல்லா ஓடிச்சி. அப்படியும் வந்துச்சி. மழை வர்றதுக்கு யார்கிட்ட காரணம் கேக்கறீங்க?

போன் அடிக்கும், அவ அந்த போனையே பாத்துகினு இருப்பா. சாம்பல் கிண்ணத்த எடுப்பா, எதுக்கு எடுத்தோம்னு தெரியாம கீழ வெப்பா. டீ ஆறிப் போய் ஏடு கட்டும். கேட்டா "தலவலி"ம்பா. தலவலிய சொல்லிகினே ஆறு மாசம் ஓட்டுனா. ஒரு நாள் கூட வேலைக்கு மட்டம் போடல. நம்ம ஊருதான் மட்டம் போடாதவங்கள பாராட்டற ஊராச்சே.

ஆனி மாசத்துல ஒரு நாள், சிவப்பிரகாசம் பட்டறையில எட்டாம் நம்பர் தறி. பதினெட்டு தறி வெச்சிருக்கற பட்டு மொதலாளி அவரு. அபிதா இந்தக் கரை, சூசைமேரி அந்தக் கரை. மத்தியானம் நடுவுல வந்து சேந்தாங்க. சேந்தா, அபிதா பக்கத்துல புதுப் பாவுல பதினோரு இழை ஜோடி இல்லாம நின்னுச்சி. பழைய வால்ல எங்கியோ பதினோரு இழைய கொத்தா வுட்டுட்டா. எண்ணணும்னு சட்டம் போட்டவ அன்னிக்கி எண்ணவே இல்ல.

அந்தப் பதினோரு இழைய வெரல்ல புடிச்சிகினு கொஞ்ச நேரம் பாத்தாளாம். அப்பால "மேரிக்கா, முகம் கழுவிகினு வர்றேன்"னு எழுந்து போனவ, செருப்பு கூட போடாம வீட்டுக்கு நடந்துட்டா. போய் படுத்தவ எழுந்திரிக்கல. பத்தொம்போது நாள்.

சூசைமேரி ஒண்ணும் சத்தம் போடல. சிவப்பிரகாசம் வந்து கேட்டதுக்கு "அபிதாவுக்கு வயித்து வலிண்ணே, வேலை முடிஞ்சி போச்சி, அனுப்பிட்டேன்"னாங்க. அப்பறம் தனியா குந்தி, தப்பு எங்க இருக்குதுன்னு தேடி, அங்கிருந்து பிரிச்சி, மறுபடி புணைச்சி முடிச்சாங்க.

குமரேசன் இன்னா பண்ணான் தெரியுமா? பொண்டாட்டிக்கு மனசு சரியில்லன்னு சொன்னா மானம் போயிடும்னு, மஞ்சக் காமாலைன்னு தெருவுல சொல்லிட்டான். எங்க ஊர்ல காமாலைன்னு சொன்னா இன்னா ஆவும்? ஆளாளுக்கு கீழாநெல்லி அரைச்சி எடுத்துகினு வந்துட்டாங்க. காலையில ஒருத்தி, சாயங்காலம் ஒருத்தி. வந்தவங்க எதிர்ல குடிச்சிதான் ஆவணும். இல்லாத காமாலைக்கு ஒரு வாரம் கீழாநெல்லி குடிச்சா அந்தப் பொம்பள. கூடவே உப்பில்லாத சோறு. அப்பால தேசூர் பக்கம் ஒருத்தர்கிட்ட கூட்டிகினு போய் மந்திரிச்சி கயிறு கட்டுனாங்க. கயிறு கையில இருந்துச்சி. அவ படுக்கையில இருந்தா.

சூசைமேரி தெனம் வருவாங்க. அறிவுர ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. தல வாரி வுடுவாங்க, அன்னிக்கி எந்தத் தெருவுல எந்தத் தறின்னு கத சொல்லுவாங்க, போயிடுவாங்க. ஒரு நாள் குமரேசன வாசல்ல நிறுத்திட்டாங்க.

"தம்பி, காமாலைன்னா கண்ணு மஞ்சளாவணும். உன் பொண்டாட்டி கண்ணு வெள்ளையாத்தான் இருக்குது. ஆனா உள்ள ஆளு இல்ல."

"இன்னாக்கா பண்ணச் சொல்ற? பைத்தியம்னு ஊர்ல பேசணுமா?"

"என் தம்பி அருள்தாஸ் செய்யார் கம்பெனியில ஷிப்ட் பாக்கறானே, அவன பைத்தியம்னு சொல்லுவியா? ஆறு வருசமா இதுக்கு மாத்திரை சாப்புடறான். போன மாசம் சூப்பர்வைசர் ஆயிட்டான். நீ இன்னும் ஒத்தத் தறிதான் ஓட்டிகினு இருக்கற."

அவன் நகந்து வழி வுட்டான். சூசைமேரி உள்ள போய் அபிதா பக்கத்துல குந்துனாங்க. அன்னிக்கிதான் அவ வாயத் தொறந்தா.

"கை இருக்குது மேரிக்கா. காலு இருக்குது. எழுந்திருன்னா எழுந்திரிக்க மாட்டேங்குது. செத்துடலாமான்னு தோணுது. அதுக்கும் எழுந்திரிக்கணுமே."

"சரி. அப்ப எழுந்திரிக்காத. நான் தூக்கிகினு போறேன். வேலூர்ல ஒரு டாக்டரம்மா இருக்காங்க."

போனாங்க. எப்படி போனாங்கன்னு கேளுங்க. ஆரணியிலருந்து நேரா வேலூர் பஸ் ஏறினா தெரிஞ்சவன் எவனாவது கேப்பான், எங்க போறன்னு. அதனால கண்ணமங்கலத்துக்கு டிக்கெட் வாங்குவாங்க, எறங்கி நிப்பாங்க, அடுத்த பஸ்ல வேலூர். அப்படி நின்னுகினு இருந்தப்போ டீக்கடையில நான் போண்டா தின்னுகினு இருந்தேன். அபிதா என்னப் பாத்ததும் முந்தானையால மூஞ்ச மூடிகினா. அப்பறம் அவளே கிட்ட வந்தா. எலும்பும் தோலுமா இருந்தா.

"தோழர், என்னப் பாத்தேன்னு சொல்லிடாதீங்க."

"நான் இன்னாத்தப் பாத்தேன்? போண்டாவத்தான் பாத்தேன். இதுல உப்பு இல்ல."

லேசா சிரிச்சா மாதிரி தெரிஞ்சுது. அதுக்கே அவளுக்கு மூச்சு வாங்குச்சி.

டாக்டரம்மா தெளிவா சொல்லிட்டாங்களாம். இது ஒரு நோய். சோம்பேறித்தனமும் இல்ல, சாமி குத்தமும் இல்ல. மாத்திரை கேக்கறதுக்கே மூணு வாரம் ஆவும். நீயா நிறுத்தக் கூடாது. சாவற எண்ணம் வந்தா ஒளிக்காம அன்னிக்கே சொல்லணும்.

அவங்க மூணு வாரம்னாங்க, இங்க இருந்த நெலம வேற. ஆடி பொறந்துடுச்சி. தீபாவளி சரக்குக்கு சிவப்பிரகாசத்தோட பதினெட்டு தறியும் பாவு மாறணும். பழைய பாவு ஒண்ணொண்ணா தீரத் தீர, மத்த பட்டறை வேலைக்கும் நடுவுல, பன்னெண்டு நாள்ல முடிக்கணும். அவரு சூசைமேரிகிட்ட சொல்லிட்டாரு: "வெள்ளிக்கிழமைக்குள்ள அபிதா வந்து அவ வாயால ஒத்துக்கணும். இல்லன்னா நான் வெளியூர்லருந்து முடிச்சு போடற மெஷின் எறக்கறேன்."

பெரிய பட்டறை அவர்துதான். அது போச்சின்னா மத்ததும் போவும். பொம்பளைங்களும் பதறிட்டாங்க. திலகவதின்னு ஒரு பொண்ணு, ரெண்டு கொழந்தைக்காரி, வெளிப்படையா கேட்டுது: "செய்யார் கம்பெனி வேன் சனிக்கிழமை வருது. பேரு குடுத்தா திங்கக்கிழமையே வேலை. நான் இன்னா பண்ணட்டும் மேரிக்கா? இன்னும் நாலு பேரு கேக்கறாங்க." அந்தப் பொண்ண குத்தம் சொல்ல முடியாது. அடுப்பு எரியணும்ல. ஒம்போது வருசமா சேத்த கூட்டம் அந்த வெள்ளிக்கிழமையில தொங்கிகினு இருந்துச்சி.

மாத்திரை ஆரம்பிச்சி ஒம்போதாவது நாள் அந்த வெள்ளிக்கிழமை.

நான் அங்க இருந்தேன். சிவப்பிரகாசம் என் பழைய எதிரி. அவரு வாசல்ல நான் பண்ணாத தர்ணா இல்ல. இப்போ ரெண்டு பேருக்கும் மூட்டு வலி, ரெண்டு பேரும் ஒரே தைலம். அதனால சாயங்காலம் பேப்பர் படிக்க அவரு பட்டறைக்குப் போவேன். அபிதா வந்தா. ஒரு பக்கம் சூசைமேரி, ஒரு பக்கம் திலகவதி. அஞ்சு தெரு தள்ளி இருக்கற வீட்லருந்து நடந்து வர்றதுக்கு அர மணி நேரம் ஆச்சாம்.

"வாம்மா," சிவப்பிரகாசம் சொன்னாரு. "காமாலை எறங்கிடுச்சா?"

"காமாலை இல்லைங்க. மனசுதான் சரியில்ல. மனநோய் டாக்டர்கிட்ட மாத்திரை சாப்புடறேன். வேலையில நான் குந்த மாட்டேன், முடியாது. மத்த பதினோரு பேரும் குந்துவாங்க. பன்னெண்டு நாள்ல முடிப்பாங்க. வாக்கு என்து."

ஒரே மூச்சுல சொல்லிட்டா. வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிகினு வந்திருப்பா போல.

சிவப்பிரகாசம் மூக்குக் கண்ணாடியக் கழட்டி தொடச்சாரு.

"ஏம்மா இதெல்லாம் எங்கிட்ட சொல்ற? வயித்து வலின்னு சொன்னா நான் கேக்கவா போறேன்? இது முகூர்த்தப் பொடவைம்மா. வாங்கறவன் கைராசி பாப்பான், ஆகி வந்த எடமான்னு பாப்பான். புத்தி சரியில்லாதவங்க கைபட்ட பாவுன்னு வெளிய தெரிஞ்சா..."

நான் வாயத் தொறக்கப் போனேன். வசவு தயாரா இருந்துச்சி. சூசைமேரி முந்திக்கினாங்க.

"அண்ணே. எட்டாம் நம்பர் தறி மொதப் பொடவை அறுத்துட்டீங்களா?"

"அறுத்து உள்ள வெச்சிருக்கேன். ஏன்?"

"எடுத்துட்டு வாங்க. கண்ணாடியும் எடுத்துட்டு வாங்க, துணி பாக்கற கண்ணாடி."

கொண்டாந்தாரு. மயில்கழுத்து நெறம், அரக்கு பார்டர். பாய் மேல விரிச்சாங்க.

"இந்தப் பாவு அபிதா உடம்பு முடியாம குந்துனது. நடுவுல தப்பு வுட்டுட்டா. எழுந்து போயிட்டா. வயித்து வலின்னு நான்தான் உங்ககிட்ட பொய் சொன்னேன். தப்பு இருந்த எடத்துலருந்து எண்ணூறு இழைய நான் பிரிச்சி மறுபடி புணைச்சேன். ஆக, ஒரே கரையில பாதி அவ கை, பாதி என் கை. கை மாறினா கோடு வுழும்னு சொல்லுவீங்களே, எங்க மாறுச்சின்னு காட்டுங்க. காட்டிட்டீங்கன்னா நாங்க போறோம். நீங்க மெஷின் எறக்குங்க."

சிவப்பிரகாசம் முப்பத்தஞ்சு வருசமா பட்டு பாக்கறவரு. ஒரு இழை கொறஞ்சாலும் கண்டுபுடிச்சி நெசவாளி கூலியில புடிப்பாரு. அதுக்கே நான் மூணு நோட்டீஸ் போட்டிருக்கேன். முட்டி வலியோட மண்டி போட்டாரு. பொடவை ஆரம்பத்துலருந்து கண்ணாடி வெச்சி அந்தக் கரையிலருந்து இந்தக் கரைக்கு வந்தாரு. மறுபடி போனாரு. வெளிச்சத்துக்குத் திருப்புனாரு. நகத்தால தடவுனாரு.

அப்போ அபிதா மெதுவா கேட்டா, சூசைமேரிகிட்ட. "எண்ணூறுதான் பிரிச்சீங்களா?"

"ஆமாண்டி."

"நான் எல்லாமே தப்புன்னு நெனச்சிகினு இருந்தேன்."

"ஆயிரத்து முன்னூறு சரியா இருந்துச்சிடி. சரியா இருக்கறத நான் ஏன் பிரிக்கணும்? எனக்கு வேற வேலை இல்லையா?"

அபிதா அங்கியே தறி ஓரமா குந்திட்டா. அழுதா. பத்தொம்போது நாள் படுக்கையில வராத அழுகை.

சிவப்பிரகாசம் எழுந்தாரு. சொவரப் புடிச்சிகினுதான் எழுந்தாரு. பொடவைய மடிச்சாரு, ஓரம் சரி பண்ணாரு, இன்னொரு தடவ மடிச்சாரு. என்னப் பாத்தாரு. நான் பேப்பருக்குள்ள தலைய வுட்டுகினேன்.

"திங்கக்கிழமை ஆரம்பிங்க," சொன்னாரு. "ஒண்ணாம் நம்பர்லருந்து. ஜல்தியா முடிக்கணும். மேரி, நீ எங்கிட்ட பொய் சொன்னது மட்டும் எனக்குப் புடிக்கல."

"உண்மைய சொன்னா கைராசி பாக்கறீங்களேண்ணே."

சனிக்கிழமை செய்யார் வேன் வந்துச்சி. திலகவதி பேரு குடுக்கல. மத்த நாலு பேரும் குடுக்கல.

பதினோரு பேரு, பதினெட்டு தறி. ஒருத்தர் கை வலிச்சா இன்னொருத்தர் குந்துனாங்க. அபிதா வீட்லருந்து போன் எடுத்தா. மொத ரெண்டு நாள் போன் எடுக்கறதே அவளுக்குப் பெரிய வேலை. ஏழாவது நாள் பட்டறைக்கு வந்தா. யாரும் வான்னும் சொல்லல, வராதன்னும் சொல்லல. பதினோராம் நம்பர் தறியில திலகவதி நகந்து எடம் வுட்டுது. அபிதா சாம்பல் தொட்டு குந்துனா. நாப்பது இழை புணைச்சா. எண்ணிப் பாத்தா. நாப்பதும் சரி. "இன்னிக்கி இதுக்கு மேல கை வரல"ன்னு சொல்லிட்டு எழுந்தா. நாப்பத்தொண்ணாவது இழைய திலகவதி எடுத்துகினுச்சி. கோடு வுழுமான்னு ஒருத்தரும் கேக்கல. பதினோராவது நாளே பதினெட்டு தறியும் ஓடிச்சி.

அதுக்கப்பறம் அவங்க கூட்டத்துல ஒரு சட்டம் வந்துச்சி. அபிதா போட்டது. "கை வரல"ன்னு ஒருத்தி சொன்னா ஏன்னு கேக்கக் கூடாது. ஒடம்பா மனசான்னு நோண்டக் கூடாது. அடுத்தவ போய் குந்தணும். எழுந்தவளுக்கு அன்னிக்கி கூலி பாதி உண்டு, அடுத்த நாள் எடம் உண்டு. நான் இருவத்தாறு வருசம் கோரிக்கை எழுதுனவன். போனஸ் கேட்டேன், பி.எஃப் கேட்டேன், இந்த ஒரு கோரிக்கை என் பேனாவுல வரல. எந்த மொதலாளிகிட்டயும் கேக்காம, அவளே மொதலாளியா இருந்து குடுத்துட்டா. எனக்குக் கொஞ்சம் பொறாமையாத்தான் இருக்குது. பெருமை அதவிட ஜாஸ்தி.

முழுசா கொணமாயிட்டாளான்னு கேக்காதீங்க. மாத்திரை இன்னும் சாப்புடறா. டாக்டரம்மா அளவக் கொறச்சிருக்காங்க, நிறுத்தல. சில நாள் ஆயிரம் இழை, சில நாள் நாப்பது. சில நாள் ஒண்ணும் கெடையாது, அன்னிக்கி சூசைமேரி வந்து தல வாரி வுடுவாங்க. கூட்டத்துல இப்போ இருவத்தோரு பேரு. ஆட்டோ மூணு. குமரேசன் திருந்திட்டான்னு சொல்ல மாட்டேன். ஆனா யாராவது கேட்டா "மாத்திரை சாப்புடறா, இப்போ தேவலாம்"னு சொல்றான். அவனுக்கு அது மலை ஏறுனா மாதிரி.

போன வாரம் நான் வேலூர் போவ பஸ் ஏறுனேன். முன்னாடி சீட்ல அபிதா. தனியா இருந்தா. கண்டக்டர் வந்தாரு.

"எங்கம்மா, கண்ணமங்கலமா?"

"வேலூர் ஒண்ணு குடுங்க."

கண்ணமங்கலம் வந்துச்சி, போச்சி. அவ எறங்கல. அது தாண்டுனதும் போன் அடிச்சிது. பஸ் எரைச்சல்ல கத்திதான் பேசணும். கத்திதான் பேசுனா.

"சொல்லுங்க. ... எத்தினி தறி? ... நாளைக்கா? வருவோம். ... இல்லைங்க, இன்னிக்கே கூலி பேச நான் வர முடியாது. மனசு டாக்டர்கிட்ட போய்கினு இருக்கேன். ... ஆமாங்க, மனசு டாக்டர்தான். மேரிக்காவுக்கு போன் பண்ணுங்க, ரெண்டு பேர அனுப்புவாங்க."

பஸ்ல பாதி பேரு திரும்பிப் பாத்தாங்க. அவ போன மடியில வெச்சிகினு, அடுத்த அழைப்பு வந்துடுச்சான்னு பாத்துகினு இருந்தா.